கோடி போகும் சேதியும் என் குரலும்

சென்ற மாதம் ஒரு பெண் எனக்கு ஃபோன் செய்தாள். ஏரி நிறையும்போது ஊராருக்குத் தானாக ஃபோன் அழைப்பு போகிறதே, அந்த வேலையை இப்போது பார்த்துக்கொள்ளும் அலுவலகத்திலிருந்து பேசினாள்.

“மேடம், மொதல் மொதல்ல அதுல பேசினது நீங்கதானாமே? பழைய பதிவக் கேட்டேன். கொரலு நல்லாத்தானே இருக்கு, அப்புறம் ஏன் எடுத்துட்டாங்க?”

புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கும் தெரிய வேண்டும், கொஞ்சம் சொல்லுங்கள் என்றாள். ஃபோனில் எனக்குச் சொல்ல வரவில்லை. எழுதித் தருகிறேன் என்று வைத்துவிட்டேன். குரல் நல்லாத்தானே இருக்கு என்று அவள் சொன்னதையே அன்று முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவள். பேசுவது என்றால் சிறு வயதிலிருந்தே கூச்சம். கடைக்குப் போனால், கடைக்காரர் நிமிர்ந்து ‘என்ன வேணும்’ என்று கேட்கும்வரை நின்றுகொண்டே இருப்பேன். எனக்குப் பின்னால் வந்தவர்கள் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். தட்டச்சு கற்றுக்கொண்டேன். திண்டிவனத்தில் ஒரு டெலிஃபோன் பூத்தில் சில வருடம் இருந்தேன். பிறகு விழுப்புரத்தில் மழைக்காலத்துக்கு மட்டும் ஆள் எடுக்கிறார்கள் என்று கட்டுப்பாட்டு அறையில் ஒப்பந்த வேலைக்குச் சேர்ந்தேன். எந்த ஊரில் எவ்வளவு மழை பெய்தது என்று தினமும் காலையில் சென்னைக்கு ஃபோனில் வாசிக்க வேண்டும். தாளில் இருப்பதைப் படிப்பதுதானே, அதில் எனக்குக் கூச்சம் வரவில்லை.

அங்கேதான் பஷீர் சார் என் குரலைக் கேட்டார். அவர் கோட்டக்குப்பத்துக்காரர். வளைகுடா நாடு ஒன்றில் துறைமுகத்தின் பாதுகாப்பு அறையில் பல வருடம் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். மழைக் கணக்கு, ஏரி மட்டம், போலீஸிடம் இருக்கும் தகவல் மூன்றையும் ஒரே திரையில் சேர்த்து, ஆபத்து வரப்போகும் ஊருக்கு முன்கூட்டியே சொல்லும் ஒரு கருவியைச் செய்ய வேண்டும் என்பது அவர் எண்ணம். கட்டுப்பாட்டு அறை எப்படி நடக்கிறது என்று பார்க்க வந்தவர், நான் வாசித்து முடிக்கும்வரை என் நாற்காலிக்குப் பின்னாலேயே நின்றிருக்கிறார்.

“ஒவ்வொரு ஊர் பேரும் சொல்லிட்டு கொஞ்சம் நிறுத்துறீங்களே, ஏம்மா?” என்றார்.

“அந்தப் பக்கம் எழுதிக்கிறவங்களுக்கு நேரம் வேணும் சார்.”

அவர் சிரித்தார். “அலங்காரம் இல்ல, பதட்டம் இல்ல. இந்தக் கொரலுதான் எனக்கு வேணும். திண்டிவனத்துக்கு வர்றீங்களா?”

என்னிடம் இருக்கும் எதையும் யாரும் அதுவரை அப்படிக் கேட்டதில்லை. அந்தக் கேள்விக்கு நான் வாயால் பதில் சொன்னதாக நினைவில்லை. அடுத்த வாரம் திண்டிவனத்துக்குப் போய் நின்றேன்.

அலுவலகம் என்பது ஒரு மல்லாட்டை மண்டியின் மாடி அறை. வேர்க்கடலையைத்தான் எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். மேலே சாரும் நானும் தினேஷும். தினேஷ் வானூர்ப் பக்கத்துப் பையன், கம்ப்யூட்டர் படித்தவன், கருவியின் நிரலை எழுதுபவன். கீழே மூட்டை ஏற்றுவதும் இறக்குவதுமாக எப்போதும் சத்தம். மல்லாட்டைத் தூசி மாடிப்படி ஏறி எங்கள் மேசைக்கு வந்துவிடும்.

திரையில் எங்கள் பக்கத்து ஏரிகள் எல்லாம் வட்டம் வட்டமாக இருக்கும். மழைமானி வைத்திருப்பவர்கள் அனுப்பும் அளவு அதில் வந்து சேரும். ஏரிக்காவல் பார்ப்பவர்கள் மதகுக்குப் பக்கத்தில் இருக்கும் அளவுகல்லைப் படம் பிடித்து அனுப்புவார்கள். போலீஸ் தகவலை ராஜாராம் ஏட்டு கொண்டுவருவார். எந்த ஏரியில் முன்பு ஆள் மூழ்கியிருக்கிறது, எங்கே கூட்டம் கூடும், தண்ணீர் திறப்பதில் மேலூருக்கும் கீழூருக்கும் எங்கே கைகலப்பு வந்தது, எந்தத் தரைப்பாலம் முதலில் மூழ்கும் என்பதெல்லாம் அவருக்கு வாயிலேயே வரும். அடிதடி செய்தவர்களின் பெயரையும் அவர் சொல்லத் தொடங்கினால் சார் கையை உயர்த்திவிடுவார்.

“யாரு அடிச்சான், எந்தத் தெருக்காரன், அதெல்லாம் நமக்கு வேணாம் ஏட்டய்யா. எங்க கூடுவாங்க, அத மட்டும் சொல்லுங்க.”

“பேரு இல்லாத கேஸ இப்பதான் பாய் நான் பாக்குறேன்,” என்று ஏட்டு சிரிப்பார்.

மழை, மட்டம், கூட்டம் மூன்றும் சேர்ந்தால் வட்டம் சிவப்பாகும். தினேஷுக்கு அந்தச் சிவப்பு வந்ததில் பெருமை. ஆனால் சாருக்குச் சிவப்பு மட்டும் போதாது. ஒவ்வொரு புதுத் திரையையும் அவர் எழுந்து நின்றுதான் பார்ப்பார். உட்கார்ந்து பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் தெரியும் என்பார். திரையில் விரலை வைத்து, குரலை உயர்த்தாமல் ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

“இதப் பாத்துட்டு அவரு காலு எங்க போவும்?”

பதில் இல்லையென்றால் அந்த வண்ணமோ படமோ போய்விடும். சிவப்பு வட்டத்தைத் தொட்டால் யார், எங்கே போய், என்ன செய்ய வேண்டும் என்று ஒரே வரி வர வேண்டும். ‘ஏட்டு, தரைப்பாலம், கயிறு கட்டவும்.’ அவ்வளவுதான். அந்த வரிகளை எழுதுவது என் வேலை. நீளமாக எழுதினால் சார் திட்ட மாட்டார். தினேஷைக் கூப்பிட்டு ஒரு கையில் குடையைப் பிடிக்கச் சொல்வார், இன்னொரு கையில் ஃபோனைக் கொடுத்து அதைப் படித்துக்கொண்டே அறைக்குள் நடக்கச் சொல்வார். அவன் நாற்காலியில் இடித்துக்கொண்டால் வரி நீளம் என்று பொருள். கீழேயிருந்து மூட்டை தூக்குபவர்கள் எட்டிப் பார்த்து, “இன்னா பாய், உள்ளயே மழயா?” என்று கேட்பார்கள்.

ஊராருக்குப் போகும் அழைப்பு மட்டும் எழுத்தில் இல்லை, குரலில். அதைக் கீழே கிடங்கில் பதிவு செய்வோம். மல்லாட்டை மூட்டைகளுக்கு நடுவே நின்று பேசினால் எதிரொலி வராது. மூட்டை ஆட்கள் டீ குடிக்கப் போகும் நேரத்தில் சார் கதவைச் சாத்துவார். தினேஷ் மைக்கைப் பிடிப்பான். நான் மூட்டைகளைப் பார்த்து நிற்பேன். பாதியில் தும்மல் வரும். மறுபடி முதலிலிருந்து. சார் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, “இதுதான்” என்பார். அந்தச் சொல்லுக்காக நான் எத்தனை முறை வேண்டுமானாலும் திருப்பிச் சொல்லத் தயாராக இருந்தேன்.

என்னைப் போல ஒருத்தியின் குரல், யாரும் திரும்பிப் பார்க்காத ஒருத்தியின் குரல், ஒரே நேரத்தில் ஊர் ஊராகப் போகும் என்று நினைத்தால் உடம்பு சிலிர்க்கும். வீட்டில் அதைப் பற்றி நான் சொன்னதே இல்லை. வெளியே சொன்னால் போய்விடுமோ என்று பயம்.

கோடி போவதைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். ஏரிக்கரையின் ஓர் ஓரத்தில் கல்லால் கட்டிய தாழ்ந்த சுவர் இருக்கும். ஏரி நிறைந்தபின் மிஞ்சும் தண்ணீர் அதன்மேல் வழிந்து வெளியேறும். அந்த இடத்தைத்தான் கோடி என்கிறோம். ஏரி கோடி போனால் எங்கள் பக்கம் அது திருவிழா. பெண்கள் தட்டில் மஞ்சள், குங்குமம், பூ, சூடம் எடுத்துக்கொண்டு போய் விழும் தண்ணீருக்குப் பூசை போடுவார்கள். ஆடு வெட்டுவதும் உண்டு. பிள்ளைகள் புடைவையை விரித்து மீன் பிடிக்கும். கல்யாணமாகி வெளியூர் போன பெண்களுக்குக்கூடச் சொல்லி அனுப்புவார்கள்.

அழுத்திப் பாயும் தண்ணீரில் கால் வழுக்குவதும் அங்கேதான். ஏட்டு சொன்ன மூழ்கிய கதைகளில் பாதிக்கு மேல் கோடியில் நடந்தவை. அதனால் கருவியின் முதல் அழைப்பே கோடிக்கானதாக இருக்க வேண்டும் என்று முடிவாயிற்று.

சொற்களை அமைக்கப் பல நாள் உட்கார்ந்தோம். ‘கோடிப் பக்கம் போகாதீர்கள்’ என்று தொடங்கலாம் என்றான் தினேஷ். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஏரி நிறைந்ததை யாராவது ‘வேண்டாம்’ என்று தொடங்கிச் சொல்வார்களா? காதில் விழும் முதல் சொல்லே அபசகுனமாக இருந்தால் ஃபோனை வைத்துவிடுவார்கள் என்று தோன்றியது. சாரும் அப்படியே நினைத்தார். “நல்ல சேதிய மொதல்ல சொல்லிடுவோம். அப்புறம் புத்தி சொல்லுவோம். ஊர்ல நாமளும் அப்படித்தானே பேசுவோம்?” என்றார். இப்படி அமைந்தது:

‘உங்கள் ஊர் ஏரி நிறைந்துவிட்டது. இன்று மதியத்துக்குள் கோடி போகும். கோடியில் நீர் வேகமாக இருக்கும். யாரும் அங்கே போக வேண்டாம். குழந்தைகளை அனுப்ப வேண்டாம்.’

சார் கண்ணைத் திறந்து, “இதுதான்” என்றார்.

பிரம்மதேசம் பக்கத்தில் ஓர் ஊர். பெயர் வேண்டாம். அந்த ஏரி பல வருடமாக நிறையாமல் கிடந்தது. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளில் யாரும் அங்கே கோடி போய்ப் பார்த்ததில்லை. அந்த ஐப்பசியில் விடாமல் பெய்த மழையில், ஒரு நாள் காலை அந்த வட்டம் சிவப்பானது. ஏரிக்காவலர் அனுப்பிய படத்தில் அளவுகல் தலை மட்டும் தெரிந்தது. சார் எழுந்து நின்று பார்த்தார். ‘அனுப்பு’ என்றார். தினேஷ் பொத்தானை அழுத்தினான்.

திரையில் பச்சைப் புள்ளிகள் மளமளவென்று விழுந்தன. ஒவ்வொரு புள்ளியும் அழைப்பை எடுத்த ஒரு வீடு. எடுக்காத வீடே இல்லை என்னுமளவுக்குப் பச்சை. என் குரல் இப்போது அந்த ஊரின் அடுப்படியில், மாட்டுக் கொட்டகையில், தெருவில் ஒலித்துக்கொண்டிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு நான் மேசை விளிம்பைப் பிடித்தபடி நின்றேன். சார் எனக்கு டீ வரவழைத்தார்.

தினேஷ்தான் முதலில் முகம் மாறினான். “சார், எல்லாரும் ஒரே எடத்துல கட் பண்ணிக்கினு இருக்காங்க.”

“எந்த எடத்துல?”

“கோடி போகும்னு சொன்ன ஒடனே.”

லைன் கோளாறாக இருக்கும் என்று அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ராஜாராம் ஏட்டு சாரை அழைத்தார். சத்தமாகக் கத்தினார், எங்கள் எல்லோருக்கும் கேட்டது. பின்னால் மேளச் சத்தம்.

“பாய், இன்னா பண்ணி வெச்சீங்க? மைக்குல போட்டு ஊருக்கே சொல்லிட்டானுங்க. பக்கத்து ஊர்லேர்ந்து டிராக்டர்ல வந்து எறங்கறானுங்க. நான் ஒத்த ஆளு, விசில் ஊதி ஊதி வாய் போச்சு!”

சார் கார் சாவியை எடுத்தார். “சாந்திம்மா, வாங்க” என்றார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மழை விட்டிருந்தது. கரை முழுக்க ஜனம். கோடிச் சுவர்மேல் கண்ணாடி விரித்ததுபோல் தண்ணீர் வழிந்தது. சுவருக்குக் கீழே பிள்ளைகள் புடைவை விரித்திருந்தார்கள். சுவரை ஒட்டிய மண்திட்டில் பெண்கள் தட்டுகளோடு வரிசையாக நின்றார்கள். ஏட்டு சாரைக் கையைப் பிடித்து இழுத்துப்போய்க் காட்டினார். அந்தத் திட்டின் அடியில் தண்ணீர் மண்ணைத் தின்றுகொண்டிருந்தது. பார்க்கப் பார்க்கக் கட்டி கட்டியாக உதிர்ந்தது. மேலே நிற்பவர்களுக்கு அது தெரியாது.

அப்போது காரிலிருந்து இறங்கிய என்னைப் பார்த்து யாரோ, இந்த அம்மா யார் என்று ஏட்டிடம் கேட்டார்கள். அவர் ஒரு அவசரத்தில், “ஃபோன்ல சேதி சொன்னவங்க” என்றுவிட்டார்.

அவ்வளவுதான். “ஏரி நெறஞ்சத சொன்ன அக்கா வந்துக்குறாங்க!” என்று ஒரு பெண் கூவினாள். என்னைச் சுற்றிக் கூடிவிட்டார்கள். ஒருத்தி நெற்றியில் குங்குமம் வைத்தாள். ஒருத்தி வாயில் சர்க்கரையைப் போட்டாள். “உன் வாய்க்கு இன்னா போட்டாலும் தகும்மா” என்றாள் ஒரு கிழவி. என் வாழ்க்கையில் அத்தனை பேர் என்னைச் சுற்றி நின்றது அன்றுதான். சர்க்கரை வாயில் கரைந்துகொண்டிருந்தது. அந்தப் பக்கம் மண் உதிர்ந்துகொண்டிருந்தது.

சார் ஏட்டின் கையிலிருந்த ஒலிபெருக்கியை வாங்கி என்னிடம் நீட்டினார். “உங்க பேச்ச கேப்பாங்க. சொல்லுங்கம்மா.”

எனக்கு அந்தப் பதிவைத் தவிர வேறு சொல் வரவில்லை. ஒலிபெருக்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, “கோடியில் நீர் வேகமாக இருக்கும். யாரும் அங்கே போக வேண்டாம். குழந்தைகளை அனுப்ப வேண்டாம்” என்றேன்.

கைதட்டினார்கள். “அதே கொரலு! டேய், அதே கொரலுடா!” என்று ஒருவன் சந்தோஷத்தில் விசிலடித்தான். இன்னொருவன் ஃபோனை நீட்டி, “யக்கா, இன்னொரு வாட்டி சொல்லு, வீடியோ எடுத்துக்கறேன்” என்றான். மறுபடியும் சொன்னேன். இன்னும் பலமாகக் கைதட்டினார்கள். ஓர் அடி நகர்ந்தவர் யாருமில்லை. அவர்களுக்கு என் குரல் என்றால் ஏரி நிறைந்தது என்று பொருள். அதற்குமேல் அதில் எதையும் ஏற்ற முடியாது. ஒலிபெருக்கியை இறக்கிக்கொண்டேன்.

மண்திட்டில் வரிசையின் முதலில் நின்ற பெண்ணிடம் ஏட்டு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தார். அவள் பெயர் கன்னியம்மா. அந்த ஊரில் கோடிப் பூசைக்கு முதல் தட்டு அவள் வீட்டுத் தட்டு. அது இறங்கினபிறகுதான் மற்றத் தட்டுகள் இறங்கும். ஐம்பது வயதுக்குமேல் இருக்கும், கறுத்து உயர்ந்த உடம்பு.

“பூச போடாம போன்னா எப்பிடிய்யா போறது? எத்தினி வருசங்கழிச்சி வந்துக்குது! உன் ஊட்டுக்கு மவராசி வந்தா மூஞ்சியத் திருப்பிக்கினு போவியா?”

“எம்மா, மண்ணு எறங்குது!”

“நீ எறங்கு மொதல்ல, காக்கிய கயட்டிப்புட்டு ஒரு கும்புடு போடு.”

பெண்கள் சிரித்தார்கள். சார் செருப்பைக் கழற்றிவிட்டு அவளருகே போனார். கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“அக்கா, நான் கோட்டக்குப்பம். எனக்கு உங்க பூச மொற தெரியாது. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இந்தத் தண்ணி இங்கேர்ந்து எங்க போவுது?”

“வாய்க்கால்ல போவுது. அதுக்கு இன்னா இப்ப?”

“வர்ற வழில பாத்தேன், அம்மன் கோயில் மேட்டுக்குக் கீழ போற வாய்க்காலா?”

“அதேதான்.”

“அங்க தட்ட எறக்கினா ஆவாதா?”

அவள் திட்டின் விளிம்புக்குப் போய்க் கீழே குனிந்து பார்த்தாள். ஒரு பெரிய கட்டி அவள் கண்ணெதிரில் பிய்ந்து விழுந்தது. நிமிர்ந்தாள். சூடம் கொளுத்தாத தட்டைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டாள்.

“ஏண்டி, நிக்கறீங்க? எவ தட்டாவது எனுக்கு முன்ன எறங்குச்சி, தெரியும் சேதி! பசங்கள இழுத்துக்கினு வாங்கடி அம்மன் மேட்டுக்கு!”

சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். வரிசை அப்படியே அவள் பின்னால் திரும்பியது. தண்ணீரில் நின்ற பிள்ளைகளைத் தாய்மார்கள் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். மேளக்காரர்கள் போனார்கள். ஆம்பிளைகள் முணுமுணுத்துக்கொண்டு கடைசியில் போனார்கள். ஏட்டு கயிற்றைக் கட்டினார்.

அவர்கள் அம்மன் மேட்டில் சூடம் கொளுத்திக்கொண்டிருந்தபோதே அந்த மண்திட்டு மொத்தமாக இறங்கியது. ஓர் ஆடும் யாரோ சாய்த்து வைத்திருந்த சைக்கிளும் அதோடு போயின. மேட்டில் கன்னியம்மா ஒரு கையால் தட்டைப் பிடித்துக்கொண்டு மறு கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

திரும்பும்போது காரில் குங்குமத்தை நான் துடைக்கவில்லை.

மறுநாள் சார் என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அவரும் உட்கார்ந்தார். வேலை விஷயத்தில் அவர் உட்கார்ந்து பேசி நான் பார்த்ததில்லை.

“நாம சொல்லித்தான் அவங்க காலு போச்சும்மா. ஆனா போவக் கூடாத எடத்துக்குப் போச்சு. வார்த்தைய மாத்தலாம்னு தினேஷ் சொல்றான். உங்களுக்கு என்ன தோணுது?”

எனக்குத் தோன்றியது அவருக்கும் தோன்றியிருந்தது. அவர் அதைச் சொல்லாமல் என்னைச் சொல்ல விட்டார். வார்த்தையை எப்படி மாற்றினாலும் ஊருக்கு வெளியே இருக்கும் ஒரு குரல் ஒரு செய்தியைத்தான் சொல்ல முடியும். எழுந்து வா என்று சொல்ல, முதல் தட்டுக்காரி வேண்டும். ஒவ்வொரு ஊருக்கும் ஒருத்தியோ ஒருவரோ அப்படி இருப்பார்கள். அழைப்பு அவர்கள் குரலில் போக வேண்டும்.

அப்படியென்றால் என் குரல் வேண்டாம்.

“நீங்க வேணாம்னா நான் மாத்த மாட்டேன்,” என்றார் சார். “வேற வழி பாப்போம். இது உங்களோடது.”

அவர் அப்படிச் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று இன்றும் நினைக்கிறேன். ‘மாத்திட்டேன்’ என்று சொல்லியிருந்தால் வீட்டுக்குப் போய் அழுதுவிட்டு வந்திருப்பேன். என்னுடையது என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கீழே மூட்டை இறக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. வேறு வழி பார்க்கலாம் சார் என்ற சொல் என் தொண்டை வரைக்கும் வந்தது. வார்த்தையைத் திருத்தலாம், வரிசையை மாற்றலாம், இன்னும் மெதுவாகப் பேசிப் பார்க்கலாம். எல்லாம் வந்தது. வாய் திறக்கவில்லை. மண்திட்டு இறங்கிய இடத்தில் வரிசையாக நின்ற பெண்களின் கால்கள் நினைவுக்கு வந்துகொண்டே இருந்தன.

எழுந்துபோய்த் தினேஷ் மேசையிலிருந்த பதிவுக் கருவியைப் பையில் போட்டுக்கொண்டேன். “பஸ்ஸுக்கு நேரமாச்சு சார்” என்றேன். அவர் எழுந்து நின்றார்.

அன்றே கன்னியம்மா வீட்டுக்குப் போனேன். நான் எழுதிக்கொண்டு போனதைப் படிக்கச் சொன்னதும் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “இத எந்த பொம்பள பேசுவா? ‘குழந்தைகளை அனுப்ப வேண்டாம்’. எவ அனுப்பறா? அதுங்களே ஓடுதுங்க.” தாளை என் மடியில் வைத்துவிட்டு மைக்கைப் பிடுங்கிக்கொண்டாள்.

“அடியேய், கன்னிம்மா பேசறேன். ஏரி நெறஞ்சிட்டுது. தட்ட எடுத்துக்கினு அம்மன் மேட்டுக்கு வாங்க. பூச அங்கதான். கோடியாண்ட எவ காலயாவது பாத்தேன், இந்த ஊர்ல நீ சோறு துன்ன முடியாது, ஆமா! பசங்கள இடுப்புல முடிஞ்சிக்கினு வா.” பிறகு என்னைப் பார்த்து, “இது அப்பிடியே ஃபோன்ல போவுமா?” என்றாள்.

“போகும்க்கா.”

“அப்ப இரு, என் ஓரகத்திய தனியா ரெண்டு வார்த்த சொல்லிக்கறேன்.”

அந்த இரண்டு வார்த்தையை நான்தான் நீக்கினேன். மற்றதைக் கேட்டதும் தினேஷ் பயந்தான். எச்சரிக்கையில் திட்டு இருக்கலாமா என்றான். சார் கண்ணை மூடிக் கேட்டார். பாதியில் சிரிப்பு வந்து தோள் குலுங்கியது. “பேஜாரு பண்ணாம ஜல்தி ஏத்துப்பா” என்றார். ‘இதுதான்’ என்று அவர் சொல்லவில்லை. என் எதிரில் சொல்ல வேண்டாம் என்று நினைத்திருப்பார்.

அடுத்த கார்த்திகையில் அந்த ஏரி மறுபடி கோடி போனது. பச்சைப் புள்ளிகள் விழுந்தன. இந்த முறை நடுவில் யாரும் வைக்கவில்லை. கடைசிவரைக்கும் கேட்டார்கள். ஏட்டு அம்மன் மேட்டிலிருந்து ஃபோன் செய்து, எனக்கும் பொங்கல் குடுத்தாங்க பாய் என்றார். சார் முகத்தில் அத்தனை நிம்மதியை நான் பார்த்ததில்லை. நானும் சிரித்தேன். பிறகு கீழே கிடங்குக்குப் போய் மூட்டைகளுக்கு நடுவில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

அதன்பின் என் வேலை முழுக்க மற்றவர் குரலைத் தேடிப் போவதுதான். வானூர்ப் பக்கம் ஒரு ஊரில் கொத்தனார் வேலைக்கு ஆள் சேர்க்கும் ஒருவர். அவர் சொன்னால்தான் காலையில் வண்டி புறப்படும். திருவாமாத்தூர்ப் பக்கம் ஒரு பால்காரம்மா. ஓர் ஊரில் யார் சொன்னால் ஜனம் எழுந்திருக்கும் என்று கண்டுபிடிக்க, போய் ஒரு நாள் முழுக்கச் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். அதிகம் பேசாத எனக்கு அது சுலபமாக இருந்தது. ஒவ்வொரு ஊரிலும் புதுக் குரல் ஏறும்போது என் குரல் ஒரு ஊரிலிருந்து இறங்கியது. கடைசியாக ஒரு சின்ன ஏரி மிச்சமிருந்தது. அதற்கு ஆள் தேடுவதை நான் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். சாரும் கேட்கவில்லை. பிறகு அதற்கும் ஒருவர் கிடைத்தார்.

கருவி நன்றாக நடக்கிறது என்று பெரிய இடத்திலிருந்து எடுத்துக்கொண்டார்கள். சார் மகள் வீட்டோடு இருக்க மறுபடி வளைகுடாவுக்கே போய்விட்டார். தினேஷ் சென்னையில் இருக்கிறான். மாடி அறையில் இப்போது சாக்கு அடுக்கியிருக்கிறார்களாம். நான் வேலையை விட்டு விழுப்புரத்தில் தம்பி குடும்பத்தோடு இருக்கிறேன். மழை வந்தால் அந்த அறை நினைவு வந்துவிடுகிறது. எழுந்து நின்று திரையைப் பார்க்கும் சார், குடையோடு நடக்கும் தினேஷ், மல்லாட்டைத் தூசி. சாரிடம் பேச வேண்டும் போல இருக்கும். எண்ணைப் பார்த்துவிட்டு வைத்துவிடுவேன். என்ன பேசுவது?

ஃபோன் செய்த அந்தப் பெண்ணுக்கு: குரலில் குறை ஒன்றுமில்லை அம்மா. அந்தக் குரல் சொன்னதைக் கேட்டு ஜனம் சந்தோஷப்பட்டது, அவ்வளவுதான். நீங்கள் புதிதாக எதைச் செய்தாலும் எழுந்து நின்று பாருங்கள். கேட்பவர் கால் எங்கே போகும் என்று கேளுங்கள். எனக்குத் தெரிந்தது இது மட்டும்தான்.

போன வாரம் சர்க்கரை மாத்திரை வாங்க ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். வெளியே நல்ல மழை. பக்கத்தில் இருந்த பெண்ணின் ஃபோன் அடித்தது. அவளுக்குக் காது கொஞ்சம் மந்தம் போல, ஸ்பீக்கரில் போட்டாள். கன்னியம்மா குரல். நான் வாங்கி வந்த அதே திட்டு. அந்தப் பெண் முழுக்கக் கேட்டாள். கேட்டுவிட்டு, பதிவு என்று தெரிந்திருந்தும், “சரிக்கா, தோ கெளம்பிட்டேன்” என்று ஃபோனுக்குப் பதில் சொன்னாள். மாத்திரைச் சீட்டை மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டு எழுந்தாள்.

என் மடியில் இருந்த ஃபோனைப் பார்த்தாள். “உனுக்கு ஃபோன் வர்லியாக்கா?”

“நான் டவுனும்மா. எங்களுக்கு ஏரி இல்ல.”

“அய்ய,” என்றாள் பாவமாக. பிறகு முந்தானையைத் தலைக்குமேல் போட்டுக்கொண்டு மழையில் ஓடினாள்.

அவள் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து என் பெயரைக் கூப்பிட்டார்கள். “இருக்கேன்” என்றேன். மறுபடியும் கூப்பிட்டார்கள்.